குப்பையும் குத்தகையும்

(வடசென்னையில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குப்பை. கடவுளைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் ஏதாவது காரமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் மனிதன் பகுத்தறிவைக் கொண்டு ஆராயக்கூடாத விஷயம் என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. சொல்லப்போனால், நம் நாட்டில் ஜாதி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவன் சாஸ்திரங்களைப் புரட்டிப் பார்க்கவேண்டியதே இல்லை. விடியற்காலையில் எழுந்து தெருக் குப்பைத் தொட்டியண்டை நின்று, அதை வாருகிறவர் யார், அதில் போடுகிறவர் யார் என்று பார்த்தாலே போதும்.

இந்தக் குப்பை விஷயத்தில் நாம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். குப்பையை வாருகிற கை யாருடையது? அதற்குக் கொடுக்கிற பணம் யாருடையது? வாரின குப்பை போய் விழுகிற இடம் யாருடையது? இந்த மூன்றுக்கும் யோக்கியமாகப் பதில் சொல்லிவிட்டால், தனியாரிடம் விடலாமா, கட்டணம் போடலாமா என்று இப்போது நடக்கிற சண்டைகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில் கையைப் பற்றிப் பேசுவோம்.

சென்னைக் கார்ப்பரேஷன் 1688-இல் உண்டானது. இந்நாட்டில் இதைவிடப் பழைய நகரசபை கிடையாது என்று பெருமை பேசிக்கொள்ளுகிறோம். இவ்வளவு பழைய ஸ்தாபனம், தன் தெருவைத் தானே கூட்டிக்கொள்ள முடியாது என்று 2000-ஆம் வருஷத்தில் முடிவுகட்டி, மூன்று மண்டலங்களின் குப்பையை ஆனிக்ஸ் என்னும் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அந்தப் பெயர் பிரான்சு தேசத்து முதலாளிகளுடையது. ஏழு வருஷம் கழித்து 2007-இல் நீல் மெட்டல் பனால்கா வந்தது. பனால்கா என்பது தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டுக் கம்பெனி. அதுவும் போய், 2012-இல் ஐதராபாத்திலிருந்து ராம்கி வந்தது. 2020-இல் ஏழு மண்டலங்களுக்கு உர்பேசர் சுமீத் வந்தது. உர்பேசர் என்பது ஸ்பெயின் தேசத்துப் பெயர். இப்படியாக 2025-ஆம் வருஷத்திற்குள் நகரத்தின் பதினைந்து மண்டலங்களில் பத்துக்கு மேற்பட்டவை கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டன.

தோழர்களே! பிரான்சு, கொலம்பியா, ஐதராபாத், ஸ்பெயின் என்று முதலாளியின் தேசம் மாறிற்று. வண்டியின் வர்ணம் மாறிற்று. சட்டையின் நிறம் மாறிற்று. துடைப்பம் பிடித்த கையின் ஜாதி மட்டும் மாறிற்றா? உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் நவீனமான கம்பெனிகள் வந்தும், பழைய சேரியிலிருந்துதானே ஆள் எடுத்தார்கள்? கூட்டுகிறவருக்குத் துப்புரவுப் பணியாளர் என்று பெயர் இருந்ததை, 2020-இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி மரியாதை செய்தார்கள். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று சொல்லிக் கைதட்டினார்கள், காலில் பூப்போட்டார்கள். பெயரில் தூய்மை ஏறிற்றேயொழிய, சம்பளத்தில் எவ்வளவு ஏறிற்று, வேலை நிரந்தரமாயிற்றா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பறையனுக்கு "ஹரிஜன்" என்று பெயர் வைத்துவிட்டுச் சேரியைச் சேரியாகவே வைத்திருந்த கதைதான் இதுவும்.

குத்தகைக்கு விட்டால் வேலை ஒழுங்காக நடக்கும், செலவும் குறையும் என்று படித்தவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். இதை நாம் கோபப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

செலவு எப்படிக் குறையும்? லாரியின் விலை கார்ப்பரேஷனுக்கும் ஒன்றுதான், கம்பெனிக்கும் ஒன்றுதான். டீசலைக் கம்பெனிக்கு மலிவாக விற்கிற கடை எங்குமில்லை. இவைகளோடு கம்பெனிக்கு இலாபம் என்று ஒரு செலவு கூடுதலாக வேறு இருக்கிறது. அப்படியிருந்தும் குறைந்த தொகைக்கு டெண்டர் எடுக்கிறான் என்றால், குறைக்கக்கூடியதாக மீதியிருப்பது எது? கூலி ஒன்றுதான். குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நமக்குத் தயாராகச் செய்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். குத்தகை முறைக்கு ஆதாரமே அதுதான்.

2025-ஆம் வருஷத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களும் அதுவரையில் கார்ப்பரேஷனின் நேர்ப்பார்வையில் இருந்தன. அவைகளையும் கண்டிராக்டுக்கு விட்டார்கள். அங்கே பல வருஷங்களாகத் தற்காலிகமாக வேலை செய்துவந்த சுமார் இரண்டாயிரம் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் ரிப்பன் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன கணக்கு என்னவென்றால், மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்த தங்கள் சம்பளம் கம்பெனியிடம் போனால் 16,000 சொச்சமாக இறங்கிவிடும் என்பதாகும். ஆளுக்கு ஐயாயிரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இரண்டாயிரம் பேருக்கு மாதம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் ஆகிறது. அந்த ஒரு கோடி கண்டிராக்டருக்கு இலாபமாகப் போகட்டும், கார்ப்பரேஷனுக்கு மிச்சமாகப் போகட்டும், எப்படிப் போனாலும் அது அந்தத் தாய்மாரின் வயிற்றிலிருந்து எடுத்த பணமா அல்லவா என்று கேட்கிறேன்.

பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். நடைபாதையை மறித்திருக்கிறார்கள் என்று வழக்காகி, அவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13-ந் தேதி இரவு போலீசார் அவர்களைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். மறுநாள் மந்திரிசபை கூடி, அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி முதலிய நலத்திட்டங்களைக் கொடுப்பதாக அறிவித்தது. சிற்றுண்டி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது நல்ல காரியந்தான். ஆனால் அவர்கள் கேட்டது இட்டலியல்ல. சொந்தச் சம்பளத்தில் இட்டலி வாங்கித் தின்னும் யோக்கியதையைத்தான் கேட்டார்கள். பிறகு அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே ஐகோர்ட்டு, குத்தகைத் தீர்மானத்தை இரத்துசெய்ய மறுத்துவிட்டு, கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாதபடி பார்க்கவேண்டும் என்று சொல்லிற்று. சம்பளம் குறையும் என்று அந்தப் பெண்கள் பயந்தது வீண் பயம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

"கார்ப்பரேஷன் ஆள் சரியாக வேலை செய்வதில்லை. கண்டிராக்டு விட்டால்தான் சுத்தமாயிருக்கும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். சரி என்றே வைத்துக்கொள்ளுவோம். தன்னிடம் சம்பளம் வாங்குகிற ஆளை வேலைவாங்கத் தெரியாத உத்தியோகஸ்தருக்கு, கோடீசுவரனான கண்டிராக்டரை வேலைவாங்கத் தெரியுமா? ஆரம்பத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். எடைக்குப் பணம் என்றால் குத்தகைக்காரனுக்கு எதில் ஆசை வரும்? குப்பை குறைவதிலா, கூடுவதிலா? வீட்டிலேயே பிரித்து எருவாக்கினால் எடை குறையும், அவனுக்கு நஷ்டம். கல்லும் மண்ணும் சேர்ந்தால் எடை கூடும், அவனுக்கு இலாபம். இந்த ஏற்பாட்டின் கோளாறு தெரிந்த பின்புதான், 2020-இல் எடைக்கு என்பதை மாற்றி, வேலையின் தரத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் அந்தத் தரத்தைப் பார்க்கவும் கார்ப்பரேஷன் உத்தியோகஸ்தர்தானே தெருவுக்கு வரவேண்டும்? அப்படி வந்து பார்க்கத் தெரிந்தவர், தன் சொந்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருக்கலாமே!

இன்னொன்றும் கேட்கிறேன். கோவிலில் மணி அடிப்பதும் ஒரு வேலை, தெருவில் மணி அடித்துக் குப்பை வாங்குவதும் ஒரு வேலை. முன்னது ஒருநாள் நின்றால் ஊரில் யாருக்கும் காய்ச்சல் வராது. பின்னது ஒரு வாரம் நின்றால் காலராவும் டெங்குவும் வரும். அப்படியிருக்க, "யார் குறைந்த கூலிக்கு மணி அடிப்பாரோ அவருக்கே அர்ச்சகர் உத்தியோகம்" என்று கோவில் வாசலில் என்றைக்காவது டெண்டர் நோட்டீசு ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டினால் ஆகமம் கெட்டுவிடும், சம்பிரதாயம் கெட்டுவிடும் என்று எத்தனை வக்கீல்கள் ஓடிவருவார்கள்! தோட்டியின் வேலைக்கு மட்டும் ஆகமம் இல்லை, ஏலந்தான் உண்டு. பயனுள்ள வேலைக்கு இழிவும், பயனற்ற வேலைக்கு மரியாதையும் வைத்ததுதான் வருணாசிரமம். அந்த மதிப்பீட்டை அப்படியே டெண்டர் பாரமாக அச்சடித்தால் அதுதான் குத்தகை முறை.

இனி பணத்தைப் பற்றிப் பேசுவோம்.

2016-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் செய்த திடக்கழிவு விதிகளில், குப்பை உண்டாக்குகிறவர்கள் அதற்குக் கட்டணம் கொடுக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதைக்கொண்டு சென்னைக் கார்ப்பரேஷன், 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் முதல் 100 ரூபாய் வரையில் குப்பைக் கட்டணம் என்று அறிவித்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், எதிர்க்கட்சியார் கண்டித்தார்கள். தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதத்திலேயே கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு 2022 ஏப்ரலில் வேறொரு வழியாக வந்து, சொத்துவரியை 25 சதவிகிதம் முதல் 150 சதவிகிதம் வரையில் உயர்த்தினார்கள். பெங்களூரிலோ 2025-இல் குப்பைக் கட்டணத்தைச் சொத்துவரியோடு சேர்த்தே வாங்க ஆரம்பித்தார்கள்.

கட்டணம் என்றாலே கூடாது என்று கூச்சல் போடுகிறவன் அல்ல நான். ஊர் சுத்தமாயிருக்கவேண்டும், ஆனால் காசு கொடுக்கமாட்டேன் என்பது நாணயமான பேச்சல்ல. ஆனால் வரிக்கும் கட்டணத்திற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். வரி என்றால் வசதி உள்ளவன் அதிகமாகவும் இல்லாதவன் குறைவாகவும் கொடுப்பது. கட்டணம் என்றால் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வந்து முடிகிறது. பத்துப்பேர் இருக்கிற குடிசையின் குப்பை, இரண்டுபேர் இருக்கிற பங்களாவின் குப்பையைவிடக் குறைவு. ஏழை வீட்டில் எதுவுமே சுலபத்தில் குப்பையாவதில்லை. கந்தல் கரித்துணியாகும், டப்பா செடி வைக்கும் தொட்டியாகும், பழஞ்சோறு காலைப் பலகாரமாகும். ஆகையால் எவன் அதிகம் உண்டாக்குகிறானோ அவனிடம் அதிகம் வாங்கு. ஓட்டல், கலியாண மண்டபம், பெரிய கடை இவைகளிடம் தாட்சண்யம் பார்க்காமல் முதலில் வாங்கு. குடிசைக்கு நோட்டீசு கொண்டுபோவதைக் கடைசியாக வைத்துக்கொள்.

கட்டணம் பேசுகிற புத்திசாலிகளுக்கு மற்றொரு யோசனையும் சொல்லுகிறேன். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் தெருவைப் பாருங்கள். திருஷ்டி கழிக்கிறேன் என்று நடுரோட்டில் போட்டு உடைத்த பூசணிக்காய் எத்தனை! வாழைக்கன்று எத்தனை வண்டி! சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறவன் அதில் வழுக்கி விழுந்து மண்டை உடைத்துக்கொள்ளுகிறான். யந்திரத்திற்கு வந்த திருஷ்டி அவன் தலையோடு போயிற்று போலும்! விநாயகரை மூன்று நாள் கும்பிட்டு, நாலாம் நாள் கடலில் தள்ளுகிறார்கள். ஐந்தாம் நாள் கரையில் ஒதுங்கிய கையையும் காலையும் தும்பிக்கையையும் வாருகிறவர் யார்? பக்தனா? கோவிலுக்குள் நுழையக்கூடாது என்று யாருடைய பாட்டனைத் தடுத்தார்களோ அவருடைய பேத்திதான் கடவுளைக் கூடையில் அள்ளுகிறாள். பக்திக்கு ஆகிற குப்பைக்கு எந்தக் கார்ப்பரேஷனாவது தனிக்கட்டணம் போட்டதுண்டா? போட்டுப் பார்க்கட்டும். பாதித் திருஷ்டி அன்றே கழிந்துபோகும்!

மூன்றாவது, இடம்.

ஒரு நாளைக்குச் சென்னை ஐயாயிரம் டன்னுக்குமேல் குப்பை உண்டாக்குகிறது. அது போய் விழுந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் பெருக்கிய தெரு பளபளவென்று இருக்கிறது. அந்தப் பளபளப்பின் மறுபக்கத்தைக் கொடுங்கையூரில் இருக்கிறவர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். பெருங்குடிக் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமோ, உலகமே காப்பாற்றவேண்டியது என்று 2022-இல் ராம்சார் ஜாபிதாவில் ஏறிய இடம். அப்பேர்ப்பட்ட இடத்தின் தலைமாட்டில்தான் இவ்வளவு காலமும் கொட்டிவைத்தோம்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. பெங்களூர் தன் குப்பையை மண்டூர் கிராமத்தில் கொட்டிற்று. கிராமத்தார் எழுந்து நின்று 2014-இல் நிறுத்தினார்கள். கொச்சி நகரத்தின் குப்பை பக்கத்துப் பஞ்சாயத்திலுள்ள பிரம்மபுரத்தில் மலையாகக் குவிந்து, 2023 மார்ச்சில் தீப்பற்றி, பத்து நாளுக்கு மேலாக எரிந்து, கடைசியில் நகரத்தார் மூக்கிலேயே புகுந்தது. கொழும்பில் மீதொட்டமுல்லை என்ற இடத்தில் 2017 ஏப்ரல் 14-ந் தேதி, புத்தாண்டு தினத்தில், குப்பை மலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அன்று நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவர்களுக்கு, மலை சரியப்போவது தெரியவில்லை. "இது ஆபத்து, இங்கே கொட்டாதீர்கள்" என்று வெகுநாளாய்க் கத்திக்கொண்டிருந்த அந்தக் குடிசைக்காரர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

எல்லா இடத்திலும் ஒரே விதிதான். உண்டாக்குகிறவன் ஒரு ஊர், சுமக்கிறவன் மற்றொரு ஊர். ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்துவைத்த புத்தி இருக்கிறதே, அதுதான் நகரம் வேறு, குப்பைமேடு வேறு என்று இப்போது பெரிதாக வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் வழி என்ன என்று கேட்பீர்கள். வழி ஆகாயத்தில் இல்லை. செய்துகாட்டியிருக்கிறார்கள்.

ஆலப்புழையில், நகரத்துக் குப்பை லாரியை ஊருக்குள் விடமாட்டோம் என்று சர்வோதயபுரம் கிராமத்தார் மறித்துவிட்டார்கள். நகரசபை வேறு கிராமத்தைத் தேடி ஓடாமல், 2012 முதற்கொண்டு குப்பையை அந்தந்த வீட்டிலும் தெருவிலுமே எருவாகவும் அடுப்பு வாயுவாகவும் மாற்ற ஏற்பாடு செய்தது. நம் குப்பையில் பாதிக்குமேல் காய்கறித் தோலும் மீந்த சோறுந்தான். அது மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகக்கூடியது. அதை நாற்பது மைல் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மலையாக்குவதற்குக் கம்பெனி எதற்கு?

பூனா நகரத்தில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-இல் சங்கம் கண்டார்கள். பிறகு அவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து "ஸ்வச்" என்னும் கூட்டுறவு ஸ்தாபனத்தை உண்டாக்கி, 2008-இல் கார்ப்பரேஷனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீடுவீடாய்ப் போய்க் குப்பை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் கொடுக்கிற கட்டணம் நேரே வேலை செய்கிற பெண்ணின் கைக்கு வருகிறது. இடையில் முதலாளி கிடையாது. காகிதமும் இரும்பும் விற்ற பணமும் அவளுக்கே. அந்த ஏற்பாட்டையும் கலைத்துக் கண்டிராக்டருக்குக் கொடுக்கவேண்டும் என்று அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் பின்னால் முயற்சி செய்யாமலில்லை. குப்பை கொடுக்கிற வீட்டுக்காரர்களே பலர் எழுந்து, "எங்களுக்கு இந்தத் தாய்மார்களே வேண்டும்" என்று சொன்னார்கள். அவர்கள் சுயராஜ்யம் என்று பேசவில்லை, நடத்திக்காட்டினார்கள்.

ஆகவே தோழர்களே! உங்களுக்கு நான் சொல்லுவது இதுதான். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்க வரும்போது, குப்பை ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். கம்பெனிக்கு எவ்வளவு போகிறது, அதில் கூலிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கட்டணம் கேட்டால், அதில் துடைப்பம் பிடித்தவருக்கு எத்தனை காசு என்று கேளுங்கள். நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆள் ஏன் இல்லை என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

வீட்டில் குப்பையைப் பிரித்துவையுங்கள். கண்ணாடிச் சில்லையும், மருந்து ஊசியையும், பிள்ளைகளின் மலத்துணியையும் சோற்றோடு கலந்து கொடுத்துவிட்டு, "அம்மா, நல்லாயிருக்கியா" என்று அன்பாக விசாரிப்பதில் பிரயோசனமில்லை. அந்தக் கலவைக்குள் ஒரு மனுஷியின் விரல் போகப்போகிறது என்று நினைத்துப் பார்ப்பதுதான் ஜாதி ஒழிப்பின் முதல் பாடம்.

தெரு கூட்டுகிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த வேலை எந்தப் பூர்வஜன்ம பாவத்தினாலும் வந்ததல்ல. நீங்கள் செய்துகொண்டிருப்பது ஊரைச் சாகாமல் காப்பாற்றுகிற தொழில். அதற்குத் தகுந்த கூலியைப் பிச்சையாகக் கேட்காதீர்கள், பாக்கியாகக் கேளுங்கள். அதோடு உங்கள் பிள்ளைகளின் கைக்குத் துடைப்பம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைகள் இந்த வேலைக்கு வரமறுத்து, "இனி யார் வருவீர்கள்" என்று எல்லா ஜாதிக்காரனையும் பார்த்துக் கேட்கிற நாள் வந்தால், அன்றைக்கே இதற்கு நல்ல யந்திரமும் வரும், நல்ல சம்பளமும் வரும், மரியாதையும் வரும். அதுவரையில் குப்பை உங்கள் தலையிலும், இலாபம் வேறொருவன் பையிலுந்தான் இருக்கும்.